அளவு ஜாக்கெட்

செஞ்சி,
12-3-1985

மீனம்பாளுக்கு,

டெய்லர் சாந்த் பாஷாவின் முகத்தில் நான் ஜாக்கெட்டை வீசி எறியவில்லை. அவருடைய மேசையின்மேல் மடித்து வைத்தேன். சிங்கவரத்து ரத்தினம்மாள் உன்னிடம் வேறு விதமாகச் சொல்லியிருக்கிறாள். சொன்னதை அவளே வந்து என்னிடமும் சொன்னாள். அன்று அவள் கடைத்தெருவிலேயே இல்லை.

நடந்தது இதுதான். பொங்கலுக்கு எடுத்த துணியில் இரண்டு ஜாக்கெட் தைக்கக் கொடுத்தேன். வழக்கம்போல் அளவு ஜாக்கெட்டும் கொடுத்தேன். உன் அண்ணன் இருந்தபோது தைத்த அந்த ஒன்றை வைத்துத்தான் பத்து வருஷமாக அவர் எனக்குத் தைக்கிறார். இந்த முறை வந்த இரண்டும் தோளில் நிற்கவில்லை. கை இரண்டும் கோணிப்பையின் வாய் மாதிரி இருந்தன. எடுத்துக்கொண்டு போய், துணியைப் பாழாக்கிவிட்டீர்கள் என்றேன்.

"அளவு ஜாக்கெட்ட மேல வெச்சுத்தாம்மா வெட்டினேன். அரை இஞ்சு கூட மாத்தல. நீங்களே வெச்சுப் பாருங்க," என்றார்.

"பத்து வருஷம் தைத்தவருக்கு நான் சொல்லிக் கொடுக்கணுமா?" என்று கேட்டேன். குரலை உயர்த்தவில்லை.

இரண்டாவது விஷயம். வைராக்கியத்தில் நான் சோற்றை விட்டுவிட்டேன் என்பதும் பொய். வேளா வேளைக்குச் சமைக்கிறேன், இலை போட்டு உட்காருகிறேன். நான்கு வாய் உள்ளே போனதும் கல்யாண விருந்து சாப்பிட்டவள் மாதிரி நிறைந்துவிடுகிறது. அதற்கு மேல் இறங்குவதில்லை. கார்த்திகை மாதத்திலிருந்து இப்படி இருக்கிறது. இங்கே டாக்டர் அரங்கநாதன் வாயுவாக இருக்கலாம் என்று வெள்ளை மருந்து கொடுத்திருக்கிறார்.

ஆறு வருஷம் கழித்து உனக்கு எழுதுகிறேன். என்னைப் பற்றி நீ ஊரார் வாயால் கேட்பதைவிட என் கையெழுத்தில் தெரிந்துகொள்வது முறை. உன் அண்ணனுக்கு வந்த நோயின் பெயரை அவரிடமே நீ சொன்னதைப் பற்றி நான் அன்று பேசியதில் எந்த மாற்றமும் இல்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள் என்பதால் ஒன்று கேட்கிறேன். அந்த வெள்ளை மருந்தை மூன்று மாதத்துக்கு மேல் குடிக்கலாமா? இதற்கு மட்டும் பதில் போதும்.

சுந்தராம்பாள்


(தபால் கார்டு)

புதுச்சேரி,
16-3-85

அண்ணிக்கு மீனம்பாள் வணக்கம். உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் நின்றபடியே படித்தேன். உறை வாங்கப் போனால் இன்றைய தபால் போய்விடும், அதனால் கார்டில் எழுதுகிறேன். மருந்து இருக்கட்டும். இந்த நாலுக்கும் உடனே பதில் போடுங்கள். எடை குறைந்திருக்கிறதா? வாந்தி உண்டா, முந்தின நாள் சாப்பிட்டது அப்படியே வருகிறதா? வெளிக்குக் கறுப்பாகப் போகிறதா, தார் மாதிரி? விழுங்கும்போது அடைக்கிறதா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் இங்கே பெரிய டாக்டரிடம் காட்டியாக வேண்டும். நான் கூடவே இருப்பேன். தாமதிக்க வேண்டாம்.

மீனம்பாள்


செஞ்சி,
20-3-1985

மீனம்பாளுக்கு,

உன் கார்டு நேற்று வந்தது. என் கைக்கு வருவதற்கு முன் தெருவுக்கு வந்துவிட்டது.

தபால்காரர் கலியபெருமாள் வாசலில் சைக்கிளை நிறுத்தினார். "அம்மா, பாண்டியில இருந்து உங்க நாத்தனாரு எழுதிக்கிறாங்க. வெளிக்கிக் கறுப்பா போவுதான்னு கேக்கறாங்க. ஒடனே பதில் போடணுமாம்," என்றார். எதிரே குழாயடியில் ஆறு பெண்கள் குடத்தோடு நின்றார்கள். "சூடும்மா. கோட்டப் பாற சூடு ஊருக்கே எறங்குது இல்ல? மோரு குடிங்க, சரியாப் பூடும்," என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

கலியபெருமாள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

கான்வென்ட்டில் எங்களுக்குக் கடிதம் எழுதச் சொல்லிக் கொடுத்த மதர், உடம்பைப் பற்றி எழுத வேண்டி வந்தால் "சுகமில்லை" என்ற ஒரு சொல்லோடு நிறுத்து என்பார். நீ முப்பது வருஷம் மூத்திரப் பாத்திரத்தோடு பழகியவள். உனக்கு எல்லாம் வெறும் வார்த்தை. எனக்கு அப்படி இல்லை. அறுபத்தேழு வயதில் இந்தத் தெருவில் எனக்கென்று மிச்சம் இருப்பது மரியாதை ஒன்றுதான்.

உன் நான்கு கேள்விகளுக்கும் நான் பதில் சொல்லப் போவதில்லை. கார்டை இதற்குள் வைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எழுதுவதானால் உறையில் எழுது. எழுதாவிட்டாலும் சரி.

சுந்தராம்பாள்


புதுச்சேரி,
26-3-85

அண்ணி,

உறையில்தான் எழுதுகிறேன். பசை போட்டு ஒட்டி, காய வைத்துத்தான் பெட்டியில் போடுவேன். கார்டில் எழுதியது என் தப்பு. அவசரத்தில் தோன்றவில்லை. மன்னித்துவிடுங்கள்.

மூத்திரப் பாத்திரம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆமாம் அண்ணி. அதைப் பார்த்துத்தான் ஆள் தேறுமா தேறாதா என்று எங்களுக்குத் தெரியும்.

வார்டுக்கு வயிற்று உபத்திரவம் என்று வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கதைதான் சொல்வார்கள். வாயு, பித்தம், சூடு. சோடா குடித்தேன், ஓமத் தண்ணீர் குடித்தேன், கேட்டது, திரும்ப வந்துவிட்டது. நிறையப் பேருக்கு அது நிஜமாகவே வாயுதான். மருந்து சாப்பிட்டால் ஒரு மாதத்தில் போய்விடும். மீதிப் பேரும் அதே கதையைச் சொல்லிக்கொண்டு ஆறு மாதம் கழித்து வருவார்கள். உங்கள் பக்கம் தளவானூரிலிருந்து ஒருத்தர் வந்தார், பாவாடை என்று பேர். இடுப்பில் வேட்டி நிற்காமல் கயிறு கட்டியிருந்தார். அது வேர்க்கடலை பிடுங்குகிற சமயம். ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று கேட்டேன். "மல்லாட்ட புடுங்கி முடிச்சிட்டு வரலாம்னு இருந்தேன் சிஸ்டர். நெலத்துல போட்டுட்டு வந்தா மொளச்சிடுமே," என்றார். வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே தைத்து அனுப்பினார்கள்.

எப்போது பெரிய டாக்டரிடம் போக வேண்டும் என்று எங்கள் டாக்டர் சொல்வதை எழுதுகிறேன். நாற்பதுக்கு மேல் புதிதாக வந்த வயிற்று உபத்திரவம் ஆறு வாரம் மருந்து சாப்பிட்டும் போகவில்லை என்றால் அங்கேயே மருந்தை மாற்றிக்கொண்டு உட்காரக் கூடாது. நான் கேட்ட நாலில் ஏதாவது ஒன்று இருந்தால் ஆறு வாரமும் கிடையாது, மறு பஸ்ஸில் வர வேண்டும். உங்களுக்கு ஆரம்பித்து நாலு மாதம் ஆகிறது. எனக்குப் பதில் எழுத வேண்டாம் அண்ணி. அந்த நாலு கேள்வியையும் உங்களுக்கு நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொள்ள முடியவில்லை. அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மீனா, எனக்கு இன்னா? நீயாவது சொல்லு," என்று கேட்டார். சொன்னேன். அதற்காக ஆறு வருஷமாக என்னை வாசற்படி ஏற விடவில்லை. என்னை இன்னும் தண்டிக்க வேண்டுமானால் தண்டியுங்கள். அதற்கு உங்கள் உடம்பைப் பணயம் வைக்காதீர்கள்.

மீனம்பாள்


புதுச்சேரி,
14-5-85

அண்ணி,

ஏழு வாரமாகப் பதில் இல்லை. அண்ணன் பேச்சை எடுத்திருக்கக் கூடாது, தெரிகிறது.

ரத்தினம்மாள் போன வாரம் இங்கே கல்யாணத்துக்கு வந்திருந்தாள். சிங்கவரம் கோயில் படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டீர்களாம். சாமி பார்க்காமலே இறங்கினீர்களாம். "எப்பிடி செவப்பா இருந்த அக்கா, சுண்ணாம்பு அடிச்ச சொவரு மாதிரி ஆயிட்டாங்க. கேட்டா வெயிலுன்றாங்க," என்றாள். அவள் மிகைப்படுத்துவாள் என்று எழுதாதீர்கள். வெளுத்ததை வெளுத்தது என்று சொல்ல அவளுக்குத் தெரியும்.

நானே வரட்டுமா? வந்தால் கதவைத் திறப்பீர்களா?

மீனம்பாள்


செஞ்சி,
9-7-1985

மீனம்பாளுக்கு,

உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. பதில் எழுதாமல் இருந்தது வேலை மிகுதியால் அல்ல.

முதலில் சாந்த் பாஷா விஷயத்தை முடிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை அவர் மனைவி பக்ருன்னிசாவையும் அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார்.

"அம்மா, டெய்லரு துணிய கெடுத்துட்டான்னு ஊருல என் பேரு நாறுது. ஒரே ஒரு தடவ டேப்பு வெச்சு எடுத்துக்கறேன். இவளே எடுக்கட்டும், நான் வெளிய நிக்கறேன்," என்றார்.

மறுக்க நினைத்தேன். ஆனால் ஒருவருடைய தொழிலைக் குறை சொல்லிவிட்டு, அதை மெய்ப்பிக்கக் கேட்டால் மறுப்பது நியாயமில்லை. அவர் தெருப் பக்கம் திரும்பி நின்று, ரஸீது நோட்டில் எழுதிக்கொண்டார். பக்ருன்னிசா உள்ளே நாடாவைப் பிடித்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். தோள் சொன்னாள். கை சொன்னாள். பிறகு பேச்சைக் காணோம்.

"மார்பு சொல்லு," என்றார் வெளியிலிருந்து.

"முப்பது."

"சரியா பாரு. அளவு ஜாக்கெட்டு முப்பத்தாறரை."

"ரெண்டு தடவ பாத்துட்டேங்க," என்றாள். அவள் கை என் முதுகில் நாடாவோடு அப்படியே இருந்தது.

பிறகு அவர் அளவு ஜாக்கெட்டை மடித்து நிலைப்படியில் வைத்தார். "இனிமே இது வேணாம்மா," என்றார். நோட்டை மூடிவிட்டு, "நான் துணிய கெடுக்கலம்மா. கெடுத்திருந்தா நல்லா இருந்திருக்கும்," என்றார்.

நான் அவரிடம், தவறு உங்கள் பேரில் இல்லை என்று சொன்னேன். மறுநாள் கடைக்குப் போய், நான்கு பேர் இருக்கும்போது அதையே மறுபடியும் சொன்னேன். குறையை நான்கு பேர் நடுவில்தானே சொன்னேன்.

டாக்டர் அரங்கநாதன்மேலும் தவறு இல்லை. மே மாதம் ஆறாம் தேதி அவர், "வெளிக்கெல்லாம் ஒழுங்கா போவுதாம்மா?" என்று கேட்டார். பக்கத்தில் கம்பவுண்டர் நின்றிருந்தார். "எல்லாம் சரியாக இருக்கிறது," என்றேன். அது பொய். அவர் என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, நான் சொன்னதை நம்பாமல், புதுச்சேரியில் உள்ள வயிற்று வியாதி டாக்டருக்குக் கடிதம் எழுதி ஒட்டிக் கொடுத்தார். இந்த வாரமே போங்கள் என்றார். அந்தக் கடிதம் ஒன்பது வாரமாக என் பெட்டியில் இருக்கிறது. பிறர் பெயர் எழுதிய உறை என்பதால் பிரித்துப் பார்க்கவில்லை. புதுச்சேரிக்கு வந்தால் உன்னிடம்தான் வர வேண்டும். அதற்கு மனம் வரவில்லை. ஜாக்கெட் பெரிதாகிவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன் நான்கு கேள்விகளுக்கு இப்போது பதில் எழுதுகிறேன். எடை, மேலே எழுதியிருக்கிறேன். வாந்தி, உண்டு, ஜூன் முதல் முந்தின நாள் சோறு அப்படியே வருகிறது. விழுங்குவதில் அடைப்பு இல்லை. நீ மூன்றாவதாகக் கேட்டது, ஆமாம். மார்ச் பத்தாம் தேதியிலிருந்து.

கலியபெருமாள் உன் கார்டை வாசித்துக் காட்டிய அன்றே அதற்குப் பதில் ஆமாம்தான். அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

எந்த நாள் வர வேண்டும் என்று எழுது. கடிதத்தைக் கொண்டு வருகிறேன்.

சுந்தராம்பாள்


புதுச்சேரி,
11-7-85

அண்ணி,

திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் கிளம்புங்கள். ஞாயிறு ராத்திரிக்குப் பிறகு தண்ணீர்கூட வேண்டாம், வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்ப்பார்கள். டாக்டர் கொடுத்த கடிதத்தைப் பிரிக்காமல் கொண்டு வாருங்கள். தனியாக வர வேண்டாம், ரத்தினம்மாளுக்கும் எழுதியிருக்கிறேன், அவள் ஏற்றிவிட்டுக் கூடவே வருவாள். வழியில் அவள் பேச்சைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன்.

வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. வாருங்கள்.

மீனம்பாள்


புதுச்சேரி,
2-8-85

அன்புள்ள அண்ணிக்கு,

சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்களே, அதன் ரிசல்ட் வந்துவிட்டது. டாக்டரைப் பார்த்துப் பேசினேன். கவலைப்பட ஒன்றும் இல்லை. பெரிய அல்சர், அவ்வளவுதான். ஆபரேஷன் தேவையில்லை என்று சொல்லிவிட்டார். வலி வந்தால் போட்டுக்கொள்ள மாத்திரை வாங்கி வைத்திருக்கிறேன். பத்தியம் எதுவும் வேண்டாமாம். உங்களுக்குப் பிடித்ததை, பிடித்த நேரத்தில் சாப்பிடச் சொன்னார். மறுபடி இவ்வளவு தூரம் அலைந்து வந்து காட்டவும் வேண்டியதில்லை.

எனக்கும் இங்கே சும்மாதான் இருக்கிறது. ஆவணி பிறந்ததும் செஞ்சிக்கு வந்து உங்களோடு கொஞ்ச நாள் இருக்கலாம் என்று நினைக்கிறேன். உங்களுக்குச் சம்மதமானால் போதும்.

இங்கே நல்ல மழை. அங்கே எப்படி? உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
மீனம்பாள்


செஞ்சி,
7-8-1985

அன்புள்ள மீனம்பாளுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அதில் நான்கு இடத்தில் பொய் இருக்கிறது. உனக்குப் பொய் எழுதப் பழக்கமில்லை. மழையைப் பற்றி நீ இதுவரை எனக்கு எழுதியதே இல்லை.

அல்சருக்குக் காரம் கூடாது, புளி கூடாது, வேளை தவறக் கூடாது என்பது கலியபெருமாளுக்குக்கூடத் தெரியும். எனக்கு மட்டும் பிடித்ததைச் சாப்பிடச் சொன்னாராம். உன் அண்ணனுக்கும் அதையேதான் சொன்னார்கள். அவர் மாம்பழம் கேட்டார். நான் வாங்கி வந்து நறுக்கிக் கொடுத்தேன். எதற்காகப் பத்தியத்தை எடுத்துவிட்டார்கள் என்று அவர் கேட்டபோது, உடம்பு தேறி வருகிறது என்று சொன்னேன். நீ எனக்கு எழுதியிருப்பது நான் அவருக்குச் சொன்னது. வார்த்தைகூட மாறவில்லை.

அன்று குழாய் விட்டுப் பார்த்த பிறகு டாக்டர் உன்னை மட்டும் வெளியே அழைத்துக்கொண்டு போனார். கதவில் பாதி கண்ணாடி. உன் தலை குனிந்ததும், நீ முந்தானையை எடுத்ததும் தெரிந்தது. திரும்பி வந்து எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தாய். பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் ஓயாமல் பேசினாய். ரத்தினம்மாளே உன் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அவள் செஞ்சி வரை ஒரு வார்த்தை பேசாமல் வந்ததிலேயே எனக்குப் பாதி விளங்கிவிட்டது.

நீ ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். சொன்னதற்கு ஒரு முறை என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாய். அதனால் இதையும் எழுதுகிறேன். முன்பே எழுதியிருக்க வேண்டும்.

நீ சொன்னதால்தான் அவர் போனார் என்று காரியத்துக்கு வந்தவர்கள் அத்தனை பேரிடமும் சொன்னேன். அது உண்மையில்லை. நீ சொன்ன பிறகு அவர் பதினேழு நாள் இருந்தார். முதல் இரண்டு நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு, "உக்காரு. நீயும் நானும் ஒருத்தருக்கொருத்தர் நடிச்சது போதும்," என்றார். அதன் பிறகு முப்பத்தெட்டு வருஷத்தில் பேசாததை எல்லாம் பேசினார். யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சொல்லி, இரண்டு பேரை வரவழைத்துக் கேட்டார். அந்தப் பதினேழு நாளும் எனக்குக் கிடைத்தது உன்னால். அதைச் சொன்னால் நான் அதற்கு முன் செய்தது தவறு என்றாகும் என்று யாரிடமும் சொல்லவில்லை. இப்போது உனக்கு எழுத்தில் தருகிறேன். யாருக்கு வேண்டுமானாலும் காட்டு.

மார்ச்சில் வந்திருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்குமா என்று நான் கேட்கவில்லை. அதற்கு மட்டும் நீ பதில் எழுத வேண்டாம்.

சாந்த் பாஷா புது அளவில் இரண்டு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தார். நன்றாகப் பொருந்துகின்றன. போன வாரம் போட்டபோது தோளில் விரல் நுழைந்தது. அவரிடம் சொல்லவில்லை.

நீ வரலாம். ஆவணிவரை காத்திருக்க வேண்டாம். மேற்கு அறையை ஒழித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஆனால் வருவதற்கு முன் எனக்குத் தெரிய வேண்டும். நீ வந்து எதிரில் உட்கார்ந்துகொண்டால் உன்னால் சொல்ல முடியாது, என்னாலும் கேட்க முடியாது.

டாக்டர் கதவுக்கு வெளியே உன்னிடம் சொன்னதையும், ரிசல்ட்டில் இருக்கும் நோயின் பெயரையும், எத்தனை மாதம் என்று சொல்லியிருந்தால் அதையும், சொன்னது சொன்னபடி எழுது. உறை கையில் இல்லாவிட்டால் கார்டிலேயே எழுது. கலியபெருமாள் படித்தால் படிக்கட்டும். எனக்குப் பதில் எழுத்தில் வேண்டும்.

சுந்தராம்பாள்